பாரிசவாதமும் மலச்சிக்கலும்: வீட்டில் தாதியாக நிற்கும் பெண்களுக்கு

கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் சனத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே மெழுகுதிரி ஏற்றுபவர்களிடையே சமய வேறுபாடு இல்லை. வீட்டில் படுக்கையில் இருக்கும் தாய்க்காகவோ கணவருக்காகவோ நேர்ந்து வருபவர்களும் அவர்களுள் உண்டு.

ஆலயத்தைச் சுற்றி ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் நெருக்கமாக வீடுகள் இருக்கின்றன. பல வீடுகளில் சமையலும் படுக்கையும் ஒரே அறையில்தான். சில தோட்டக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் பலருக்கும் பொதுவானவை. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, பிறகு இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன.

அப்படியான ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கக் கையும் காலும் வழங்காமல் போய்விட்டன. வைத்தியசாலையில் சில நாட்கள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவரைப் போரில் இழந்த மகள்தான் வீட்டுக்கு உழைப்பவள். அம்மாவுக்குத் தாதியும் அவள்தான்.

“அம்மா, கொஞ்சம் தண்ணி குடியுங்கோ.”

“வேண்டாம் பிள்ளை, காணும்.”

நாளுக்கு நாள் இதே பதில். ஐந்தாம் நாள் அம்மாவின் வயிறு கல்லுப்போல இறுகிவிடுகிறது. சாப்பாடு வேண்டாம் என்கிறார், இரவில் முனகுகிறார். அம்மாவுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் குடித்தால் சலம் போக வேண்டும், அதற்கு மகளைக் கூப்பிட வேண்டும், களைத்து வந்த பிள்ளை தன்னைத் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும். அந்த வெட்கத்தாலும் இரக்கத்தாலுமே அவர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்.

நம்மில் பலருக்கு இது தெரியாத விடயமல்ல. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த காலத்தில், இருட்டில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து, பொழுதுபட்டதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர்! மலம் வந்தும் அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர்! அந்த நாட்களில் நம் உடம்பு பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், படுக்கையில் இருக்கும் அம்மா ஏன் “காணும்” என்று சொல்கிறார் என்பது விளங்கும்.

2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, கொழும்பு மாவட்டத்தில் வளர்ந்தோர் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 10 பேர் பாரிசவாதம் வந்தவர்கள். உலகின் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலச்சிக்கல் ஏற்படுவது தெரியவந்தது. ஆயினும் இதை வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறோம். கிளினிக்கில் வைத்தியர் இரத்த அழுத்தத்தைக் கேட்பார். நாமும் அதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

ஏன் ஏற்படுகிறது?

நடமாட்டம் குறைந்தால் குடலின் அசைவும் குறையும். மலம் குடலில் அதிக நேரம் தங்கும்போது அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகிவிடும். நோயாளி தண்ணீர் குறைவாகக் குடித்தால் இன்னும் இறுகும். வயிற்றுத் தசைகள் பலவீனமாக இருப்பதால் முக்கவும் பலம் இருக்காது. படுத்த நிலையில் மலம் கழிப்பது நலமாக இருப்பவருக்கே கடினம்.

சிலருக்கு மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் மலம் வரும் உணர்வு சரியாகத் தெரிவதில்லை. சிலருக்குத் தெரிந்தாலும் பேச்சு இழுபட்டுப் போனதால் சொல்ல முடிவதில்லை. இவற்றோடு மருந்துகளும் சேரும். இரும்புச்சத்துக் குளிசை, கொடீன் அல்லது ட்ரமடோல் உள்ள நோமருந்துகள், வெரப்பமில் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகள், நரம்பு நோவுக்குத் தரும் அமிற்றிப்டிலின் ஆகியன மலத்தை இறுக்கக்கூடியவை. இவற்றை நாமாக நிறுத்தக்கூடாது. “இந்தக் குளிசை தொடங்கிய பிறகு இப்படி இருக்கிறது” என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் மாற்று வழி பார்ப்பார்.

மலச்சிக்கல் முற்றினால் பசி இல்லாமல் போகும், வாந்தி வரும், சலம் அடைபடும். வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் ஏற்படலாம். பலமாக முக்கும்போது இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும். ஏற்கெனவே பாரிசவாதம் வந்தவருக்கு இது நல்லதல்ல.

கேட்பதும் குறித்து வைப்பதும்

முதல் வேலை, தினமும் கேட்பது. “இன்றைக்குப் போனதா அம்மா?” என்ற கேள்வியைக் காலைத் தேநீர்போல வழக்கமாக்கிவிடுங்கள். வழக்கமாகிவிட்டால் வெட்கமும் குறையும்.

பேச முடியாதவரோடு ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கையால் கட்டிலைத் தட்டலாம், சிறு மணியை அடிக்கலாம், அல்லது மலசலகூடப் படம் வரைந்த மட்டையைத் தொட்டுக் காட்டலாம். அதுவும் முடியாதவர்கள் மலம் வரும் நேரத்தில் அமைதியில்லாமல் அசைவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், உடுப்பை இழுப்பார்கள். கூட இருக்கும் உங்களால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

சுவரில் தொங்கும் கலண்டரில் மலம் போன நாளுக்கு ஓர் அடையாளம் இடுங்கள். அது எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட ஓர் அளவுமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் ஏழு வகைகள் உண்டு. ஆட்டுப் புழுக்கைபோலத் தனித்தனி உருண்டைகளாக வருவது முதலாம் வகை. கட்டியாகத் திரண்டு வருவது இரண்டாம் வகை. இவை இரண்டும் மலச்சிக்கலின் அடையாளங்கள். வாழைப்பழம்போல மென்மையாக வரும் மூன்றாம், நான்காம் வகைகளே நல்லவை. ஏழாம் வகை முழுவதும் தண்ணீராகப் போவதாகும்.

தினமும் போகத்தான் வேண்டும் என்பதில்லை. வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவாகப் போனாலோ, இறுகி நோவுடன் போனாலோ மலச்சிக்கல் என்று கொள்ளலாம்.

தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தல்

தண்ணீர் கொடுக்கத் தொடங்குமுன் விழுங்கும் சக்தி எப்படி என்று பார்க்க வேண்டும். குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் கரகரத்தல், வாயோரத்தால் வழிதல், அடிக்கடி காய்ச்சல் ஆகியவை இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகிறது எனச் சந்தேகிக்க வேண்டும். அப்படியானவருக்கு வாயால் கட்டாயப்படுத்திக் கொடுக்காமல் வைத்தியரிடமோ பேச்சுச் சிகிச்சையாளரிடமோ உடனே காட்டுங்கள். எவ்வளவு தடிப்பான பானம் பொருத்தம் என்பதை அவர்கள் சொல்வார்கள். மூக்குக் குழாய் உள்ளவருக்குத் தாதி சொல்லித் தந்த அளவு தண்ணீரைக் குழாயாலேயே கொடுக்க வேண்டும்.

விழுங்கக்கூடியவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை பானம் தேவை. தேநீர், சூப், கஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

ஒரேயடியாக ஒரு பெரிய கிளாஸை நீட்டினால் அம்மா “வேண்டாம்” என்றுதான் சொல்வார். காலையில் ஒன்றரை லீற்றர்ப் போத்தலொன்றை நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். மணிக்கொரு தடவை அரைக் கிளாஸ் கொடுங்கள். பெரும்பகுதியைப் பின்னேரம் ஆறு மணிக்குள் கொடுத்து முடித்தால், இரவில் உங்களை எழுப்ப வேண்டுமே என்ற அவருடைய பயம் குறையும். “நீங்கள் தண்ணி குடிச்சால்தான் எனக்கு வேலை லேசு அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. மூன்று தடவை சலம் எடுப்பது, ஐந்து நாள் இறுகிய வயிற்றோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ இலகுவானது.

கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, நாடியைச் சற்றே தாழ்த்தி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குடித்து, உண்டு முடித்த பின்னரும் அரைமணி நேரம் சாய விடாதீர்கள்.

உணவு

நோயாளி என்றால் பாண், பிஸ்கட், றவைக் கஞ்சி, பால் தேநீர் என்பதே பல வீடுகளில் வழக்கம். இவற்றில் நார்ச்சத்து மிகக் குறைவு. சந்தையில் கிடைக்கும் மலிவான பொருட்களே போதுமானவை. நன்றாக மசித்த பப்பாசிப்பழம், வாழைப்பழம், பருப்போடு அவித்து மசித்த முளைக்கீரை அல்லது பொன்னாங்காணி, பூசணிக்காய், குழைய அவித்த பயறு, சிவப்பரிசிக் கஞ்சி, வல்லாரை போட்ட இலைக்கஞ்சி, குரக்கன் கஞ்சி ஆகியவற்றை மாறி மாறிக் கொடுக்கலாம். மெல்ல முடியாதவருக்கு நாரில்லாமல் அரைத்து வடிப்பதைவிட மென்மையாக மசித்துக் கொடுப்பது நல்லது. வாயின் நல்ல பக்கத்தில் வைத்து ஊட்டுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் வழங்காத பக்கக் கன்னத்துள் உணவு தங்கியிருக்கிறதா எனப் பாருங்கள்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். இசப்புக்கோல் போன்ற தூள்களை விழுங்கக் கஷ்டப்படுபவருக்குக் கொடுக்கவே கூடாது. அது தொண்டையில் ஊதி அடைத்துவிடும். நீரிழிவு உள்ளவருக்குப் பழத்தின் அளவைக் கேட்டறியுங்கள். வோர்பரின் எடுப்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

நேரமும் இருக்கும் முறையும்

சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பின் இது நன்றாக இருக்கும். ஆகவே காலையில் சாப்பிட்டு இருபது, முப்பது நிமிடத்தில், நாள்தோறும் அதே நேரத்தில் நோயாளியை இருத்திப் பழக்குங்கள். பத்து நிமிடம் போதும். வராவிட்டால் வற்புறுத்தாமல் அடுத்த நாள் மீண்டும் முயலலாம். உடம்பு பழகச் சில வாரங்கள் செல்லும்.

இருக்கக்கூடியவரைப் படுக்க வைத்துப் பெட்பான் கொடுப்பதைவிடக் கொமோட் கதிரையில் இருத்துவது நல்லது. பொது மலசலகூடம் தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் உதவும். வாங்க வசதியில்லாவிடில், கைபிடி உள்ள உறுதியான மரக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரங்களை வழுவழுப்பாக்கி, கீழே வாளி வைக்கலாம். கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கால்களுக்குக் கீழே சிறு பலகை ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கச் செய்யுங்கள். உடம்பு சிறிது முன்னே சாய வேண்டும். வழங்காத பக்கத்துக்குத் தலையணை அணை கொடுங்கள். தனியே விட்டுவிட்டு அப்பால் போகாதீர்கள். விழுந்தால் இன்னொரு துன்பம்.

இருக்கவே முடியாதவரை இடப்பக்கமாகச் சரித்து, முழங்கால்களை மடக்கி, கீழே பொலித்தீனும் பழந்துணியும் விரித்து வைக்கலாம்.

அசைவும் வயிற்றைத் தடவுதலும்

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்பதை அறிவீர்கள். அது குடலுக்கும் நல்லது. இயன் மருத்துவர் காட்டித் தந்தபடி, முழங்காலை மடித்து வயிற்றை நோக்கி மெதுவாகக் கொண்டுபோய் நீட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முதல் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்யலாம். வழங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தோள் மூட்டு விலகிவிடும்.

வயிற்றைத் தடவுவதற்கும் முறை உண்டு. வலது இடுப்பெலும்பின் அருகில் தொடங்கி, மேலே விலாவரை போய், அங்கிருந்து குறுக்கே இடப்பக்கம் வந்து, கீழே இடது இடுப்புவரை தடவுங்கள். பெருங்குடல் போகும் வழி அதுதான். உள்ளங்கையால் மெதுவாகப் பத்து நிமிடம் செய்யலாம். சாப்பிட்ட உடனே செய்யக்கூடாது. வயிறு வீங்கியிருந்தாலோ, நோ இருந்தாலோ, குடலிறக்கம் அல்லது அண்மையில் செய்த சத்திரசிகிச்சை இருந்தாலோ செய்யவே கூடாது.

மறைவு ஒரு மருந்து

ஒரே அறை வீட்டில் பிள்ளைகள் படிக்க, அயலவர் வந்துபோக, ஒருவரால் எப்படி மலம் கழிக்க முடியும்? ஒரு கயிறு கட்டிப் பழைய சேலையொன்றைத் திரையாகப் போடுங்கள். வானொலியைச் சற்று உரத்து வையுங்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். மாமனாரையோ தந்தையையோ பராமரிக்கும் வீட்டில், மகனோ பேரனோ அந்த வேலையில் பங்கெடுக்க வேண்டும். இது பெண்களின் தலையில் மட்டும் சுமத்தப்பட வேண்டியதன்று.

பெண் நோயாளியைச் சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். இல்லையேல் சலத்தில் கிருமி தொற்றும். தோலை ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்து, சிவந்திருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு உங்கள் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

செய்யக்கூடாதவை

மூன்று நாட்கள் மலம் போகாவிட்டால் நான்காம் நாள்வரை காத்திராமல் வைத்திய ஆலோசனை பெறுங்கள். லக்ருலோஸ், சென்னா, பிசக்கோடில் எனப் பல மருந்துகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அயலவர் பாவித்த பேதி மருந்தைக் கடன் வாங்காதீர்கள்.

விழுங்கக் கஷ்டப்படுபவரின் வாயில் ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. சவர்க்காரத் துண்டை மலவாசலில் வைப்பது, விரலால் தோண்டி எடுப்பது ஆகியன தோலைப் புண்ணாக்கி இரத்தம் பெருகச் செய்யும். எனிமாவும் பழகிய கைகளால் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பல நாட்கள் போகாமலிருந்து, திடீரெனத் தண்ணீராகக் கசிந்தால் “வயிற்றோட்டம்” என்று எண்ணி அதை நிறுத்த மருந்து கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வழிவதாக அது இருக்கலாம். கலண்டரில் குறித்து வைத்திருந்தால் இந்தத் தவறு நேராது.

வயிறு வீங்கி நோவெடுத்தால், வாந்தி எடுத்தால், காற்றும் பிரியாவிட்டால், சலம் அடைபட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முகம் மீண்டும் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, புதிதாகக் கைகால் வழங்காமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவரைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர், உணவு, ஒழுங்கான நேரம் என்பன அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் மலத்தை வெளியேற்றும் முறை அவர்களுக்கு வேறு. மேல்முதுகில் அல்லது கழுத்தில் காயம் உள்ளவருக்குக் குடல் நிரம்பினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஆகவே உங்களுக்குக் கற்றுத் தந்த முறையை வைத்தியரைக் கேளாமல் மாற்ற வேண்டாம்.

உங்கள் கைகளின் பெறுமதி

2004ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாரிசவாதம் வந்து, மலம் கழிப்பதில் சிக்கல் இருந்த 146 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரைத் தாதியொருவர் ஒரே ஒரு தடவை முறையாகப் பரிசோதித்து, அவருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிக் கொடுத்து, கைநூல் ஒன்றையும் கொடுத்தார். ஆறு மாதங்களின் பின் பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு மலம் சீராகப் போனது. ஒரு தடவை சொல்லிக் கொடுத்ததற்கே இந்தப் பலன் என்றால், வீட்டில் நாள்தோறும் கூட இருந்து பார்க்கும் உங்களால் எவ்வளவு செய்ய முடியும்! நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் விடுதித் தாதியிடம் இவற்றைக் கேட்டறிய வெட்கப்படாதீர்கள். அடுத்த கிளினிக்குக்குக் கலண்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். தனியாகத் தூக்கி முதுகை முறிக்காமல் அயல் வீட்டுப் பெண்ணொருத்தியை உதவிக்குக் கூப்பிடுங்கள். இன்று அவர் உங்களுக்கு, நாளை நீங்கள் அவருக்கு. நீங்களும் நேரத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், வந்த மலத்தை அடக்காதீர்கள்.

அடுத்த தடவை அம்மா “காணும் பிள்ளை” என்று சொன்னால், கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் இருங்கள். நீங்களும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். “நான் இருக்கிறன்தானே அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காமல் குடியுங்கோ” என்று சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் எதையும்விட அம்மாவுக்கு முதலில் வேண்டியது அந்த வார்த்தைதான்.